கைத்துப்பாக்கியும் காவல் துப்பாக்கியும்: 'புக்கிட் கெப்போங்' திரைப்படமும் தமிழ்த் திரைக் காவலரும் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் விரும்பிக் காணும் திரைப்படங்களுள் காவலர் கதைகளுக்குத் தனியிடம் உண்டு. 'தங்கப்பதக்கம்' தொடங்கி 'வேட்டையன்' வரை அரை நூற்றாண்டுக் காலமாகச் சீருடை அணிந்த நாயகன் நம் திரையரங்குகளிலும் வரவேற்பறைகளிலும் உலவி வருகிறான். இப்படங்களைப் பற்றிய திறனாய்வுகள் கதை, நடிப்பு, உரையாடல், பாடல் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. ஆயின், அந்நாயகன் கையில் ஏந்தும் துப்பாக்கி தனித்த ஆய்வுப் பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. அது வெறும் அணிகலனாகக் கருதப்பட்டு வந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

ஒரு காவலன் எவ்வகைத் துப்பாக்கியை ஏந்துகிறான், எவ்வளவு தோட்டா வைத்திருக்கிறான், எப்போது சுடுகிறான், சுட்டபின் யாருக்கு விடை சொல்கிறான் என்னும் நான்கு வினாக்களும் ஒரு படத்தின் அறநோக்கை நமக்குத் தெளிவாகக் காட்டவல்லவை. இவ்வினாக்களை முன்வைத்து, ஜொகூர் மாநிலத்தின் வரலாற்று நிகழ்வொன்றை அடியொற்றி 1981இல் வெளிவந்த 'புக்கிட் கெப்போங்' என்னும் மலாய்த் திரைப்படத்தையும், தமிழ்த் திரையின் காவலர் படங்கள் சிலவற்றையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு மொழிப் படங்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பு மலேசியத் தமிழருக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது. அவ்வாய்ப்பை ஆய்வுக் கண்ணாக மாற்றிக்கொள்வது நம் கடமையும் ஆகும்.

நிகழ்வும் படமும்

புக்கிட் கெப்போங், ஜொகூர் மாநிலத்தின் மூவார் மாவட்டத்தில், மூவார் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்த நிலையில், 1950 பிப்ரவரி 23 அன்று விடியலுக்கு முன், அவ்வூரின் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுப் படையினர் சூழ்ந்து தாக்கினர். தாக்க வந்தோர் 180 பேர் அளவினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. நிலையத்தில் இருந்தோரோ இருபதைச் சற்றே தாண்டியவர்கள். நிலையத் தலைவர் சார்ஜன் ஜமில் முகமட் ஷா. மரத்தால் ஆன அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. நிலையத்தைக் காத்தவருள் பெரும்பாலோர் மாண்டனர். காவலர் குடியிருப்பிலிருந்த பெண்டிர், பிள்ளைகளுள்ளும் உயிரிழந்தோர் உண்டு. சரணடையுமாறு அழைக்கப்பட்டும் அக்காவலர் மறுத்துவிட்டனர் என்பதே இந்நிகழ்வை நாட்டின் நினைவில் நிலைநிறுத்திய செய்தியாகும்.

இந்நிகழ்வை ஜின்ஸ் சம்சுடின் திரைப்படமாக்கினார். இயக்கியவரும் சார்ஜன் ஜமிலாக நடித்தவரும் அவரே. தொலைக்காட்சியில் பன்முறை ஒளிபரப்பப்பட்டு, மலேசியரின் பல தலைமுறைகள் இந்நிகழ்வை இப்படத்தின் வழியாகவே அறிந்துகொண்டன என்று கூறுவது மிகையாகாது.

படத்தின் கட்டமைப்பு நோக்கத்தக்கது. தாக்குதல் படத்தின் உச்சமாயினும், படம் தாக்குதலால் மட்டும் ஆகியதன்று. நிலையத்தின் அன்றாட வாழ்வு, சுற்றுக்காவல், குடும்பங்களின் நல்லது கெட்டது, கம்பத்து மக்களோடு காவலர் கொண்ட உறவு ஆகியன அதற்குமுன் இடம்பெறுகின்றன. துப்பாக்கி இப்பகுதிகளிலும் இருக்கிறது. தோளில் தொங்குகிறது, சுவரோரம் சார்த்தப்பட்டிருக்கிறது. சுடப்படாத துப்பாக்கியை நாம் நெடுநேரம் காண நேர்கிறது. காவலன் என்பவன் பெரும்பாலும் சுடாதவன் என்னும் எளிய உண்மையை இப்பகுதிகள் நம் மனத்தில் பதித்துவிடுகின்றன. ஆகவே, இறுதியில் துப்பாக்கிகள் முழங்கத் தொடங்கும்போது அம்முழக்கம் நமக்குக் கிளர்ச்சியைத் தருவதைவிட அச்சத்தையே மிகுதியும் தருகிறது.

இரு தரப்பிலும் ஒரே கருவி

அவசரகாலத்து மலாயாவில் காவலர் பயன்படுத்திய படைக்கலன்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரில் எஞ்சிய பிரிட்டிஷ் கருவிகளே. அவற்றுள் முதன்மையானது .303 அங்குல லீ-என்ஃபீல்டு ரைபிள். பத்துத் தோட்டாக்களைக் கொள்ளும் அத்துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுட்டபின்பும் போல்ட்டைக் கையால் பின்னிழுத்து முன்தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுள் ஏறும். காட்டுப் பகுதிகளுக்கென 1944இல் குறுக்கி அமைக்கப்பட்ட ஐந்தாம் எண் வகை மலாயாக் காடுகளில் பெரிதும் பயன்பட்டது. விரைந்து சுடுவதற்கு ஸ்டென் என்னும் மலிவான சிறு இயந்திரத் துப்பாக்கியும், பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. ஆயினும், ஒரு சிற்றூர்க் காவலனின் இயல்பான கருவி ரைபிளே.

எதிர்த்தரப்பின் கருவிகளும் இவற்றினின்றும் பெரிதும் வேறுபட்டவையல்ல. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்குப் 'படைப்பிரிவு 136' வாயிலாகப் பிரிட்டிஷாரே வான்வழிப் படைக்கலன்களை இறக்கிக் கொடுத்தனர். 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது எல்லாக் கருவிகளும் திருப்பித் தரப்படவில்லை. காட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்டவை 1948க்குப் பின் மீண்டும் வெளிவந்தன. எனவே, அவசரகாலத்தில் சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே நாட்டின் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட கருவிகளை ஏந்தியிருத்தல் அரிதான செய்தியன்று.

இவ்வுண்மை திரைப்படத் திறனாய்வுக்கு ஒரு முதன்மையான வினாவை எழுப்புகிறது. கருவி ஒன்றே எனில், இது காவலன் துப்பாக்கி, அது பகைவன் துப்பாக்கி என்று பார்வையாளர் எதனைக் கொண்டு பிரித்தறிவர்? 'புக்கிட் கெப்போங்' இதற்குத் தரும் விடை தெளிவானது. நிலையம் என்னும் இடமும், சீருடையும், அந்நிலையத்தை ஒட்டி வாழும் குடும்பமும் துப்பாக்கிக்குப் பொருள் தருகின்றன. துப்பாக்கியின் முன்னால் யார் நிற்கிறார் என்பதைக் காட்டிலும் அதன் பின்னால் யார் இருக்கிறார் என்பதையே படம் நமக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. மனைவியும் மக்களும் உறங்கும் மரவீட்டின் முன்னே நிற்பவனின் கையில் இருப்பதால் அது காவல் துப்பாக்கியாகிறது.

நொச்சியும் ஔவையின் இரு படைக்கொட்டில்களும்

தமிழ் மரபு இத்தகைய போரை நன்கறியும். தொல்காப்பியம் மதில் முற்றுதலையும் மதில் காத்தலையும் உழிஞைத் திணையுள் அடக்குகிறது. பிற்கால இலக்கணமாகிய புறப்பொருள் வெண்பாமாலையோ மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாகவே பிரித்துக் கூறுகிறது. இப்பிரிவினை வெறும் வகைப்பாட்டு வசதிக்காக எழுந்ததன்று என்றே நாம் கருதுகிறோம். பிறர் மண்ணைக் கொள்ளப் போவோன் வீரமும், தன் எயிலைக் காத்து நிற்போன் வீரமும் ஒரு தன்மையன அல்ல என்னும் அறிவு அதன்கண் அமைந்துள்ளது. 'புக்கிட் கெப்போங்' இவ்வகையில் ஒரு நொச்சிப் படம். அதன் காவலர் எவரையும் தேடிச் சென்று கொல்வதில்லை. தம் எல்லையை விட்டு அகலாமல் நிற்பதே அவர்தம் செயல்.

ஈண்டுப் புறநானூற்றின் 95ஆம் பாடலை நினைவுகூர்தல் பொருந்தும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டுகிறான். அங்குள்ள படைக்கலன்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க மனையில் அழகுற இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதுமான இப்பாடலைத் தூது இலக்கியத்திற்கும் அங்கதத்திற்கும் எடுத்துக்காட்டாகவே நாம் கற்பித்து வருகிறோம். படைக்கலத்தின் அழகியல் பற்றிய கோட்பாடொன்றும் அதனுள் அடங்கியுள்ளது. மினுக்கப்படும் கருவி காட்சிக்குரியது. தேய்ந்த கருவி கடமைக்குரியது.

இக்கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்டால், நம் ஆய்வுக்குரிய படங்கள் இரு கொட்டில்களாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். 'புக்கிட் கெப்போங்' காட்டும் பழைய ரைபிள்கள் கொல்லன் கொட்டிலைச் சார்ந்தவை. தமிழ்த் திரையின் காவலர் ஏந்தும் பளபளக்கும் பிஸ்டல்கள், சில விலக்குகள் நீங்கலாக, தொண்டைமான் கொட்டிலைச் சார்ந்தவை.

தமிழ்த் திரையில் காவலர் துப்பாக்கி

'தங்கப்பதக்கம்' (1974) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற காவல் கண்காணிப்பாளர் சௌத்ரியின் துப்பாக்கி, படத்தின் இறுதியில் நாட்டுக்குத் துரோகம் செய்யும் சொந்த மகன் மீதே திரும்புகிறது. அது சுடுவதற்கு முன் ஒரு தந்தையின் உள்ளத்தைச் சுட்டுவிடுகிறது. ஆகவே அங்குத் துப்பாக்கிக்கு ஒரு விலை உண்டு. சுடுபவன் தானும் இழக்கிறான். மனுநீதிச் சோழன் கதையின் நிழல் இங்குப் படிந்திருப்பதை எளிதில் உணரலாம்.

இரண்டாயிரத்தாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்நிலை மாறுகிறது. கௌதம் மேனன் இயக்கிய 'காக்க காக்க' (2003) இம்மாற்றத்தின் தலையாய சான்று. சூர்யா ஏற்ற அன்புச்செல்வனும் அவன் தோழர் மூவரும் குற்றக் கும்பல்களை ஒழிக்கும் சிறப்புப் பிரிவினர். அவர்தம் தொழில் சுட்டுக்கொல்லுதல். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் ஒலியமைப்பும் ஒன்றுகூடி, பிஸ்டலைப் பிடித்து நீட்டும் கையை ஓர் ஓவியம் போலத் தீட்டுகின்றன. மனித உரிமை பற்றிய கேள்வி படத்தில் எழாமல் இல்லை. ஆனால், அது கதாநாயகனின் வேகத்திற்குத் தடையாகவே எழுகிறது. பார்வையாளன் அக்கேள்வியைப் பொறுமையின்றியே கேட்டுக் கடக்கிறான். நாயகி மாயா ஒரு பள்ளி ஆசிரியை என்பது ஆசிரியர்களாகிய நமக்குச் சற்றுச் சிந்தனையைத் தரவேண்டிய செய்தி. கற்பிப்பவளும் கொல்பவனும் காதலால் இணையும் அக்கதையில், கற்பிப்பவளின் உலகம் காக்கப்பட வேண்டியதாக மட்டுமே இருக்கிறது. கொல்பவனை நோக்கி வினா எழுப்பும் இடமாக அது அமையவில்லை.

படத்தின் தொழில்நுட்பச் செம்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. காவலர் படம் என்னும் வகைமைக்கு அது ஒரு புதிய மொழியைத் தந்தது உண்மையே. ஆயின், அம்மொழியின் இலக்கணத்தில் தோட்டாவுக்குக் கணக்கில்லை. சுட்டபின் எழுத வேண்டிய அறிக்கையும், நிற்க வேண்டிய விசாரணையும் காட்சிக்கு வருவதில்லை.

இங்கு மற்றொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. தமிழ்த் திரையில் பிஸ்டல் அதிகாரிக்குரியது. சாதாரணக் காவலனுக்குக் கிடைப்பது லத்தி அல்லது பழைய ரைபிள். அவன் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரமாகவோ, அதிகாரிக்கு வணக்கம் வைப்பவனாகவோ, கையூட்டுப் பெறுபவனாகவோ வருகிறான். லீ-என்ஃபீல்டு இந்தியக் காவலரின் தோளிலும் பல்லாண்டு கிடந்த துப்பாக்கிதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் அதற்கு முறைப்படி விடைகொடுத்தது. இத்தனை நீண்ட பணிக்காலம் கொண்ட அத்துப்பாக்கிக்குத் தமிழ்த் திரையில் ஒரு வீரக்கதை எழுதப்படவில்லை. 'புக்கிட் கெப்போங்' படத்திலோ சார்ஜனும் அவர்கீழுள்ள சாதாரணக் காவலருமே கதைமாந்தர். உயரதிகாரி எவரும் வந்து மீட்பதில்லை. படிநிலையின் அடியில் நிற்பவனை நடுவில் நிறுத்திய இச்செயல், அப்படத்தின் தலையாய சிறப்பு என்பது நம் கருத்து.

திரையின் பிஸ்டல் நம் கண்ணைக் கவர்ந்து, உண்மையில் சுடும் துப்பாக்கியை மறைத்துவிடுவதும் உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அன்று வாகனத்தின் மேலேறிக் குறிபார்த்த காவலரின் கையில் இருந்தது நெடுங்குழல் துப்பாக்கி. அவர்முன் நின்றது குற்றக் கும்பலன்று, ஊர் மக்கள். இந்நிகழ்வை ஆராய்ந்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையின் செயலைக் கடுமையாகக் குறைகூறியது. நாயகக் காவலனின் பிஸ்டலுக்குக் கைதட்டிப் பழகிய கண், இந்நெடுங்குழலைக் காணும்போது திகைத்துப்போவதில் வியப்பில்லை.

எனினும், தமிழ்த் திரை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலையும் காட்டியுள்ளது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' (2015), 'மோதல்' என்று அறிவிக்கப்படும் சாவு எவ்வாறு திட்டமிட்டு உருவாக்கப்படுகிறது என்பதைச் சுடப்படுபவரின் பக்கத்தில் நின்று காட்டியது. 'வேட்டையன்' (2024) இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. மோதல் சாவுகளுக்குப் பேர்போன காவல் அதிகாரியாக ரஜினிகாந்த் வரும் அப்படத்தில், அவ்வதிகாரி சுட்டுக்கொன்றவன் குற்றமற்றவன் என்று பின்னர் தெரியவருகிறது. மோதல் சாவுகளை விசாரிப்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் 16 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்நெறிகளின் தேவையைப் பொதுப் பார்வையாளர் உணரும் வண்ணம் ஒரு நட்சத்திர நாயகனின் படமே பேசியது வரவேற்கத்தக்க திருப்பமாகும்.

'கபாலி'யின் இரு முடிவுகள்

காவலர் துப்பாக்கி பற்றிய இரு நாட்டு அணுகுமுறைகளும் ஒரே படத்தில் மோதிக்கொண்ட நிகழ்வும் ஒன்றுண்டு. பா. இரஞ்சித் இயக்கி 2016இல் வெளிவந்த 'கபாலி', மலேசியத் தமிழர் வாழ்வையும் குண்டர் கும்பல்களையும் களமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் வெளிவந்த வடிவத்தின் இறுதியில், காவலரால் ஏவப்பட்ட டைகர் என்னும் இளைஞன் துப்பாக்கியோடு கபாலியை நெருங்குகிறான். திரை இருள்கிறது. வெடியொலி கேட்கிறது. கபாலி மாண்டானா என்பது பார்வையாளரின் முடிவுக்கு விடப்படுகிறது. மலேசியாவில் திரையிடப்பட்ட வடிவத்திலோ, கபாலி காவலரிடம் சரணடைந்தான் என்னும் எழுத்து திரையில் தோன்றியது.

இம்மாற்றம் அந்நாளில் நகைப்புக்கும் எரிச்சலுக்கும் உள்ளாயிற்று. கலைப்படைப்பின் முடிவை ஒரு வரி எழுத்தால் மாற்றுவது ஏற்கத்தக்கதன்று என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், மாற்றப்பட்டது எது என்று கூர்ந்து நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டு வடிவத்தில் காவல்துறை தன் துப்பாக்கியை ஓர் இளைஞனிடம் இரவலாகத் தந்து, தான் மறைந்து நிற்கிறது. மலேசிய வடிவத்தில் சட்டம் வெல்கிறது. துப்பாக்கிக்கே வேலையில்லாமற் போகிறது. முன்னது காவலர் மீதான குற்றச்சாட்டு. பின்னது அக்குற்றச்சாட்டைத் துடைத்து எடுத்த வெள்ளைத்தாள். தணிக்கை இங்கு வன்முறையைக் குறைத்தது என்பதைவிட, வன்முறைக்கு யார் பொறுப்பு என்னும் வினாவை நீக்கியது என்பதே பொருந்தும். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்னும் அறநெறியின் பேரால், காவலரும் விடைகூறக் கடமைப்பட்டவர் என்னும் மற்றோர் அறநெறி விடுபட்டுப்போயிற்று.

'புக்கிட் கெப்போங்' படத்தின் மௌனங்கள்

இதுவரை 'புக்கிட் கெப்போங்' படத்தின் சிறப்புகளையே எடுத்துரைத்தோம். அதன் குறைகளையும் சொல்லாவிடின் இவ்வொப்பீடு நேர்மையானதாகாது.

முதலாவதாக, எதிர்த்தரப்பினர் ஏன் துப்பாக்கி ஏந்தினர் என்னும் வினாவுக்குப் படம் போதிய இடம் தரவில்லை. தாக்குதலோடு பெயர் இணைத்துப் பேசப்படும் மாட் இந்திரா ஒரு மலாய்க்காரர், 1953இல் தூக்கிலிடப்பட்டவர். 2011இல் பாஸ் கட்சியின் அன்றைய துணைத்தலைவர் முகமட் சாபு, மாட் இந்திராவை விடுதலை வீரராகக் குறிப்பிட்டுப் பேசியபோது நாடெங்கும் பெருஞ்சர்ச்சை மூண்டு, அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. மாண்ட காவலரின் குடும்பத்தார் புண்பட்டனர். குடியேற்ற ஆட்சியின் சீருடையில் நின்று தம் ஊரைக் காத்தவரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் சிக்கல், படம் வெளிவந்து முப்பதாண்டுகள் கழிந்தும் தீரவில்லை என்பதையே இது காட்டுகிறது. நம் நிலைப்பாடு இதுதான்: கடமையில் மாண்ட அச்சிற்றூர்க் காவலரின் வீரத்தை மதிப்பதும், அவர்க்குத் துப்பாக்கி கொடுத்த ஆட்சியை வினவுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. ஔவையார் அதியமானின் வேலைப் புகழ்ந்தபோதும் போரை விலக்கவே தூது சென்றார்.

இரண்டாவதாக, தமிழர். அந்நிலையத்தைக் காத்தவர் மலாய்க்காரர். ஆகவே படத்தின் நடுவே தமிழர் இல்லாமை வரலாற்றுப் பிழையன்று. ஆயினும், அதே காலத்தில் துப்பாக்கி நம்மவர் வாழ்வையும் தொட்டது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் மரண தண்டனை பெற்று, இந்திய அரசு தலையிட முயன்றும் பயனின்றி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். புக்கிட் கெப்போங் தாக்குதலுக்கு ஒன்பது மாதங்களுக்கு முந்தைய நிகழ்வு இது. ஒருவர் கையில் துப்பாக்கி இருந்ததே அவர் உயிரைப் பறிக்கப் போதிய காரணமாக இருந்த காலம் அது. அவர் அதனைக் கொண்டு எவரையேனும் சுட்டாரா என்னும் வினாவே சட்டத்திற்குத் தேவைப்படவில்லை. காவலர் துப்பாக்கி பற்றிய எந்த ஆய்வும், காவலரல்லாதார் கையிலிருந்த இத்துப்பாக்கியையும் அருகில் வைத்துப் பார்க்கும்போதே முழுமை பெறும்.

அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. அதன் கடுமை சட்டங்களில் நெடுங்காலம் எஞ்சி நின்றது. 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், குறிப்பிட்ட குற்றங்களைப் புரிகையில் துப்பாக்கியால் சுடுவோர்க்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 2023இல்தான் அக்கட்டாயம் நீங்கி, தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. மறுபுறம், காவல்துறையைச் சீரமைக்க 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. காவலர் மீதான புகார்களை விசாரிக்கத் தனித்தியங்கும் அமைப்பு வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. காவலர் நடத்தைக்கான தனி ஆணையம் ஒன்று செயற்படத் தொடங்கியதோ 2023இல்தான். அதன் அதிகாரம் ஆணையம் பரிந்துரைத்த அளவினது அன்று என்னும் குறை இன்றும் பேசப்படுகிறது. தடுப்புக்காவல் சாவுகளும் காவலர் துப்பாக்கிச் சூடுகளும் மலேசிய இந்தியச் சமூகத்தில் ஆறாத புண்ணாக இருந்து வருவதை நாம் அறிவோம். இந்நிலையில், திரையில் விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லும் காவலனுக்கு நம் இளைஞர் எழுப்பும் ஆரவாரம் நம்மைச் சிந்திக்க வைத்தல் வேண்டும். அவர்கள் ஆரவாரிப்பது, பிறிதொரு நாள் தம் நண்பர் ஒருவர் மீதே திரும்பக்கூடிய துப்பாக்கிக்கு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய நான்கு வினாக்களுக்கு மீள்வோம். 'புக்கிட் கெப்போங்' காவலர் ஏந்துவது, ஒவ்வொரு முறையும் கைவருந்திச் சுடவேண்டிய ரைபிள். அதன் தோட்டா எண்ணிக்கைக்கு உட்பட்டது. அவர்கள் தாக்கப்பட்ட பின்னரே சுடுகின்றனர். தம் குடும்பத்திற்கும் ஊருக்கும் உயிரால் விடை சொல்கின்றனர். 'காக்க காக்க' போன்ற படங்களின் காவலர் ஏந்துவது அழகுறக் காட்டப்படும் பிஸ்டல். அதன் தோட்டா தீர்வதில்லை. அவர்கள் தேடிச் சென்று சுடுகின்றனர். விடை சொல்லும் கடமையைப் படமே அவர்களுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறது. 'விசாரணை'யும் 'வேட்டைய'னும் அத்தள்ளுபடியைத் திரும்பப் பெற முயல்கின்றன. மலாய்ப் படம் உயர்ந்தது, தமிழ்ப் படம் தாழ்ந்தது என்று நிறுவுவது நம் நோக்கமன்று. வரலாற்று நிகழ்வைத் தழுவிய படத்தையும் புனைகதைப் படத்தையும் ஒரே தட்டில் நிறுத்தல் கூடாது என்பதையும் நாம் மறக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைக்கும்போது ஒன்றின் குறையை மற்றது காட்டிவிடுகிறது என்பதே நாம் கண்ட முடிவு. தமிழ்ப் படத்தின் ஆரவாரத்தை மலாய்ப் படத்தின் அடக்கம் வெளிப்படுத்துகிறது. மலாய்ப் படத்தின் வினாவாமையை 'விசாரணை'யின் வினா வெளிப்படுத்துகிறது.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்க்கு இவ்வொப்பீடு பயன்தரும் என நம்புகிறோம். புறநானூற்று 95ஆம் பாடலைக் கற்பிக்கும் வேளையில் மாணவர்க்கு நன்கு தெரிந்த காவலர் படமொன்றின் காட்சியை எடுத்துக்கொண்டு, இத்துப்பாக்கி எந்தக் கொட்டிலைச் சார்ந்தது என்று வினவலாம். சுட்டபின் அக்காவலன் எழுத வேண்டிய அறிக்கையை மாணவரையே எழுதச் செய்யலாம். திரை காட்டாத பகுதி அப்போது அவர்தம் கையெழுத்திலேயே வெளிப்படும்.

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய, பாரசீக வழியாக நம் மொழிக்கு வந்தது. திருக்குறளின் 12ஆம் குறளிலும் இவ்வெழுத்துக்கோவை உண்டு. ஆனால் அங்கு அதன் பொருள் 'உணவாக்கி' என்பது. மழையின் கொடையைச் சொல்லும் குறள் அது. துப்பு என்பதற்கு உணவு, வலிமை என்னும் பழம்பொருள்களோடு, குற்றத்தைக் கண்டறிய உதவும் தடயம் என்னும் இக்காலப் பொருளும் உண்டு. காவலனுக்கு முதலில் வேண்டுவது அந்தத் துப்பே. அதனைத் தேடும் பொறுமையைக் கைவிட்டுத் துப்பாக்கியை எடுக்கும் கதைகளைத் திரை இனியும் தரக்கூடும். அவற்றைக் காணும் மாணவரிடம் வினா ஒன்று எஞ்சியிருக்கச் செய்வது நம் வகுப்பறைகளின் பணியாகும்.